முதுகை விடுங்கள், வயிற்றைக் காட்டுங்கள்

மாசிப் பட்டத்து எள் பூவெடுக்கும் சமயத்தில், திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் இடைப்பட்ட ஏதாவது ஒரு கொல்லையில் இறங்கி நடந்தால் புழு சட்டென்று கண்ணில் படாது. அதன் எச்சம்தான் காட்டிக்கொடுக்கும். செடியடியில், காய்ந்த மண்மேல், மிளகைவிடப் பெரிதாகக் கறுப்புக் கட்டிகள் சிதறிக் கிடக்கும். ஒன்றை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தால் நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம் ஓடுவது தெரியும். ஈரம் காயாமல் இருந்தால் புழு நேர் மேலேதான் இருக்கிறது. காய்ந்து போயிருந்தால் பக்கத்துச் செடிகளைப் பார்க்க வேண்டும்.

நிமிர்ந்து தண்டைப் பார்த்தால் விரல் தடிமனில், நான்கு அங்குலத்துக்குக் குறையாமல், இலையின் நிறத்திலேயே ஒன்று மார்பை நிமிர்த்தித் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் பிடித்திருக்கும். பக்கவாட்டில் ஏழு சாய்ந்த கோடுகள். வால் பக்கம் சொரசொரப்பான ஒரு கொம்பு. பச்சைதான் அதிகம். மஞ்சளும் உண்டு, பழுப்பும் உண்டு. நிறம் மாறினால் புழு வேறு என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றும் ஒன்றுதான்.

“யக்கா, இங்க வந்து பாரேன், எம்மாம் பெருசு!”

“கைய வெக்காதடி. கொம்புல வெசம் இருக்கும்.”

கொம்பில் விஷம் கிடையாது. அது குத்தவும் குத்தாது. சீண்டினால் புழு தாடைகளைத் தட்டி டிக் டிக்கென்று ஒரு சத்தம் போடும். அப்படியும் விடாவிட்டால் திரும்பிக் கடிக்கப் பார்க்கும். ஊரே அதன் வாலுக்குப் பயப்படும்போது அது வாயால் சண்டை போடுகிறது. இந்தப் பூச்சியின் வாழ்க்கை முழுக்க இதே கதைதான். எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒன்றும் இருக்காது. விஷயம் வேறு எங்கோ இருக்கும்.

விவசாயிகளுக்கு இது கொம்புப் புழு. அறிவியல் ஏடுகளில் அக்கெரோன்ஷியா ஸ்டிக்ஸ். எள் கொல்லையில் இலை தின்னும் ஒரு ஜீவனுக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்த வழி நீளமானது. ஸ்வீடன், கீல், லண்டன், நீலகிரி, கார்வார் என்று சுற்றி வந்திருக்கிறது. வழியில் அச்சு அசலாக அதைப்போலவே இருக்கும் இரண்டு உறவுக்காரர்களிடமிருந்து அதைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பிரிவினை எப்படி நடந்தது, எதை வைத்து நடந்தது என்பதுதான் எனக்கு இதில் சுவாரசியம்.

திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. என்று தொடங்கும் மல்லாட்டை ரகமோ எள் ரகமோ எங்கே விதைத்தாலும் அந்த மூன்றெழுத்து இந்த ஊரைத்தான் குறிக்கிறது. எள்ளுக்கு வரும் தொல்லைகளில் இங்கே உண்மையான தலைவலி இலையைப் பிணைத்துக் காயைத் துளைக்கும் சின்னப் புழுவும், பூவெல்லாம் இலையாகிப் போகும் நோயும்தான். கொம்புப் புழு சில்லறை எதிரி. ஒரு புழு ஒரு செடியை மொட்டையடித்துவிடும் என்றாலும் கொல்லைக்குச் சிலதான் இருக்கும். கையால் பொறுக்கி அழித்துவிடலாம். அறுவடைக்குப் பின் ஆழமாகக் கோடை உழவு ஓட்டினால் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு வெளியே வந்து மைனாவுக்கும் ரெட்டைவால் குருவிக்கும் இரையாகும். சிபாரிசு அவ்வளவுதான். மருந்து அடிக்கும் அளவுக்கு இது போவது அரிது.

கூட்டுப்புழுவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தின்று முடித்த புழுவின் நிறம் மங்கும், செடியை விட்டு இறங்கும், மண்ணைக் குடைந்துகொண்டு போய் ஓர் அறை செய்து அதில் உருமாறும். இந்தப் பக்கத்துக் கொல்லைகளில் கலப்பை இரண்டு வகைப் பெரிய கூட்டுப்புழுக்களைப் புரட்டிப் போடும். ஒன்றின் முன்பக்கத்தில் பித்தளைச் செம்பின் கைப்பிடி மாதிரி ஒரு வளையம் தனியாக வளைந்து நிற்கும். இன்னொன்று வழவழவென்று செம்பழுப்பாக, கைப்பிடி இல்லாமல் இருக்கும். கைப்பிடி உள்ளது அக்ரியஸ் கன்வால்வுலி. உளுந்து, சர்க்கரைவள்ளிக் கொடி ஆகியவற்றைத் தின்னும் இன்னொரு பருந்து அந்துப்பூச்சி. அந்தக் கைப்பிடிக்குள் உருவாவது அதன் நாக்கு. வளர்ந்த பூச்சியில் உடலையே மிஞ்சும் நீளத்துக்கு உறிஞ்சுகுழல் இருக்கும். நீண்ட குழாய்ப் பூக்களின் அடியில் இருக்கும் தேனை அந்தரத்தில் நின்றபடி அது குடிக்கும். கைப்பிடி இல்லாதது நம் கொம்புப் புழுவினுடையது. அதன் நாக்கு குட்டை, தடிமன், முனை கூர். அது பூவை நம்பிப் பிழைப்பதில்லை. தேன்கூட்டுக்குள் நுழைந்து அடையைக் குத்தித் திருடிக் குடிக்கிறது. மண்ணுக்குள் கிடக்கும் போதே இருவரின் தொழிலும் தெரிந்துவிடுகிறது. வளர்ந்த பூச்சிகளை அருகருகே வைத்தால் இவ்விரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஒன்றின் உடம்பில் இளஞ்சிவப்புப் பட்டை, மற்றதில் மஞ்சள்.

குழப்பம் வருவது மண்டையோட்டுக் கூட்டத்துக்குள்தான்.

கூட்டிலிருந்து வெளிவரும் பூச்சியின் மார்பின் மேல்பக்கம் வெளிர் நிறத்தில் ஒரு குறி இருக்கிறது. இரண்டு இருண்ட புள்ளிகள் கண்குழியாகவும், கீழே ஒரு நிழல் தாடையாகவும் தெரிய, பார்த்த மாத்திரத்தில் மண்டையோடு. ஐரோப்பாவில் இதை வைத்துச் சாவு, கொள்ளைநோய் என்று கதை கட்டினார்கள். நெடுஞ்சாலை விளக்கடியிலோ வீட்டுச் சுவரிலோ இதைப் பார்த்துக் கைபேசியில் படம் எடுக்கும் எவரும் முதலில் எடுப்பது அந்த முதுகைத்தான். எந்தச் சிற்றினம் என்று சொல்வதற்கு அநேகமாக எதற்கும் உதவாத படம் அது. உலகில் மண்டையோட்டுப் பூச்சிகள் மொத்தம் மூன்று சிற்றினங்கள். மூன்றின் முதுகிலும் மண்டையோடு உண்டு. நிறம் கொஞ்சம் கூடலாம் குறையலாம். பறந்து பறந்து செதில் உதிர்ந்த பூச்சியில் அதுவும் தெரியாது.

பிரித்துக் காட்டும் அடையாளங்கள் எல்லாம் மறைந்திருக்கும் இடங்களில் இருக்கின்றன. உட்கார்ந்திருக்கும் பூச்சி முன்னிறக்கையால் எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும். அதை விரித்து, பிறகு திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். ஸ்டிக்ஸின் வயிற்றின் அடிப்பக்கம் சுத்தமான மஞ்சள், குறுக்கே கருப்புப் பட்டை இருக்காது. பின்னிறக்கை மஞ்சளில் இரண்டு கருப்புப் பட்டை, ஓரத்து மூலையில் மங்கலாக ஒரு நீலப் புள்ளி. முன்னிறக்கையின் நடுவில் உள்ள சிறு புள்ளி பெரும்பாலும் ஆரஞ்சு. அதே இறக்கையைத் திருப்பினால் அடியில் இரண்டு குறுக்குக் கோடுகள். ஐரோப்பாவின் அட்ரோபாஸுக்கு அந்தக் கோடு ஒன்றுதான். மேலே உள்ள புள்ளி வெள்ளைச் சாயல். உருவத்திலும் ஸ்டிக்ஸைவிட அது சற்றுப் பெரிது. மூன்றாவது லாகெசிஸ். அது இன்னும் பெரிது, இன்னும் கருப்பு. பின்னிறக்கையின் அடிப்பாகமே கறுத்துப் போய் மஞ்சள் சுருங்கியிருக்கும். முதுகு நெடுக நீலச் சாம்பல் பட்டை அகலமாக ஓடும். வயிற்றின் அடியிலும் கருப்புப் பட்டைகள் உண்டு.

அட்ரோபாஸ் இந்தியாவில் கிடையாது. அது ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கும் மேற்கு ஆசியாவுக்கும் போகிற பூச்சி. ஸ்டிக்ஸ் அரேபியா, ஈரான் தொடங்கி இந்தியா வழியாக ஜப்பான் வரைக்கும். லாகெசிஸ் இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியத் தீவுகள் வரைக்கும். ஆகவே விழுப்புரத்தில் நின்றுகொண்டு கேட்க வேண்டிய கேள்வி ஸ்டிக்ஸா லாகெசிஸா என்பது மட்டும்தான். இருந்தும் பத்திரிகைக் குறிப்புகளிலும் பள்ளிக் கண்காட்சி அட்டைகளிலும் ‘அட்ரோபாஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். புகழ் பெற்றது அந்தப் பெயர், அதனால்.

இந்தப் பிழைக்கு ஹாலிவுட்டும் விலக்கில்லை. 1991-ல் வந்த ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ படத்தில், கொலையுண்டவரின் தொண்டையில் கிடைத்த கூட்டுப்புழுவை அக்கெரோன்ஷியா ஸ்டிக்ஸ் என்று அடையாளம் சொல்கிறார்கள். நம் எள் கொல்லைப் புழு ஆஸ்கர் மேடை வரை போயிருக்கிறது என்று பெருமைப்படலாம். ஆனால் போஸ்டரில் நடிகையின் வாயை மூடியிருப்பது அட்ரோபாஸ். அதன் முதுகில் இருக்கும் மண்டையோடும் பூச்சியுடையதில்லை. சால்வடார் டாலியோடு சேர்ந்து ஃபிலிப் ஹால்ஸ்மான் எடுத்த புகைப்படம் அது. ஏழு பெண்களின் உடல்களை அடுக்கி உருவாக்கிய மண்டையோடு. கூர்ந்து பார்த்தால் தெரியும்.

பெயர் வந்த வரிசைக்கு வருவோம். 1758-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் தன் நூலின் பத்தாம் பதிப்பில் ஐரோப்பியப் பூச்சிக்கு அட்ரோபாஸ் என்று பெயரிட்டார். கிரேக்கப் புராணத்தில் மனிதரின் ஆயுள் நூலை அறுக்கும் தேவதையின் பெயர் அது. 1798-ல் அவருடைய மாணவர், கீல் நகரப் பேராசிரியர் ஃபாப்ரிசியஸ், இந்தியப் பூச்சி ஒன்றுக்கு லாகெசிஸ் என்றார். அட்ரோபாஸின் சகோதரி, நூலை அளப்பவள். 1809-ல் லாஸ்பேரஸ் இவற்றுக்கெனத் தனிப் பேரினம் வகுத்தார். பாதாள நதி அக்கெரோன் பெயரில் அக்கெரோன்ஷியா. கடைசியாக 1847-ல் ஜான் ஒபதயா வெஸ்ட்வுட் தன் ‘தி கேபினட் ஆஃப் ஓரியண்டல் என்டமாலஜி’ நூலில் ஸ்டிக்ஸை விவரித்தார். அதுவும் பாதாள நதியின் பெயர்தான். எள்ளுக்கும் எமனுக்கும் நம் ஊரிலும் தொடர்பு உண்டு என்பதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை.

ஃபாப்ரிசியஸ் காலத்தில் இந்தியப் பூச்சிகள் ஐரோப்பா போன ஒரு முக்கிய வழி நம் கரையிலேயே இருந்தது. தரங்கம்பாடி டேனிஷ் குடியேற்றம். லின்னேயஸிடம் படித்த மருத்துவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-ல் அங்கே வந்து சேர்ந்தார். செடிகளையும் பூச்சிகளையும் உலர்த்திக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிறகு டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி. ஃபாப்ரிசியஸின் ஏடுகளில் இந்தியா என்றிருக்கும் பல பூச்சிகள் சோழ மண்டலக் கரையில் பிடிபட்டவை. அவர்கள் கண்ட கரைக்கும் திண்டிவனத்துக்கும் தூரம் அதிகமில்லை.

இதில் எனக்கு ஒரு புதிர். இந்தியச் சமவெளியில் எங்கும் கிடைப்பது ஸ்டிக்ஸ். பெயர் கடைசியாகப் பெற்றதும் அதுதான். அட்ரோபாஸுக்கு 89 ஆண்டுகளும் லாகெசிஸுக்கு 49 ஆண்டுகளும் கழித்து. என் ஊகம் இது: லாகெசிஸ் பார்த்தவுடன் வேறாகத் தெரிந்தது, அதனால் வேறு பெயர் பெற்றது. ஸ்டிக்ஸ் ஐரோப்பியப் பூச்சியோடு அவ்வளவு ஒட்டி இருந்ததால், ‘இதுவும் அதுதான்’ என்று பெட்டியில் ஒன்றாக வைத்திருப்பார்கள். யாரோ ஒருவர் ஊசியோடு எடுத்துத் திருப்பிப் பார்க்கும் வரை அது தனிப் பூச்சியாக ஆகவில்லை.

பெயர் வைத்ததோடு வழக்கு முடிந்துவிடவில்லை. பெயர் வைப்பதற்கு ஒரு பூச்சி போதும். பெயர் நிற்பதற்கு நூறு பூச்சி வேண்டும். 1858-ல் ஃபிரடெரிக் மூர், கிழக்கத்திய வடிவம் ஒன்றை மெடூசா என்று தனியாக்கினார். பிறகு அது ஸ்டிக்ஸின் துணைச் சிற்றினமாக இறக்கப்பட்டு நெடுங்காலம் அப்படியே இருந்தது. இப்போது பல பட்டியல்களில் ஸ்டிக்ஸின் மறுபெயராக மட்டும் ஓர் ஓரத்தில் நிற்கிறது. மேற்கிலிருந்து கிழக்கே போகப்போகத் தோற்றம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறுகிறது, இதுதான் எல்லை என்று கோடு கிழிக்க இடம் இல்லை என்பது காரணம். சொத்துப் பத்திரத்தில் பெயர் ஏறி இறங்குவதற்கு ஆகும் காலத்தைவிட இது அதிகம் என்று சொல்ல மாட்டேன். நம் தாலுகா அலுவலகங்களைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இந்தக் குடும்பத்தின் வழக்குகளை மொத்தமாக எடுத்துத் தீர்த்தவர்கள் வால்டர் ராத்ஸ்சைல்டும் கார்ல் ஜோர்டனும். முன்னவர் பணம் படைத்த பிரபு. லண்டனுக்கு வெளியே டிரிங் என்ற ஊரில் தனக்கென ஓர் அருங்காட்சியகமே வைத்திருந்தார். பின்னவர் அங்கே வேலைக்கு வந்த ஜெர்மானியர். இருவரும் சேர்ந்து 1903-ல் வெளியிட்ட பருந்து அந்துப்பூச்சிக் குடும்பத் திருத்தநூல் இன்றைக்கும் அந்தத் துறையின் அடிக்கல். வேலையின் பெரும்பங்கு ஜோர்டனுடையது என்று சொல்வார்கள். அவர் இரண்டு விஷயங்களில் பிடிவாதமாக இருந்தார். ஒன்று, நிறத்தை மட்டும் நம்பாதே, பூச்சியின் பின்நுனியில் உள்ள இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார். இரண்டு, எங்கே பிடித்தது என்று தெரியாத பூச்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதே.

முதல் வேலையை இன்றும் அதே விதமாகத்தான் செய்கிறார்கள். உலர்ந்த பூச்சியின் வயிற்று நுனியை வெட்டி எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு வைப்பார்கள். சதை கரைந்து கடினமான பகுதிகள் மட்டும் மிஞ்சும். அதைச் சின்னத் தூரிகையால் கழுவி, செதில்களை நீக்கி, கண்ணாடிச் சில்லில் பரப்பி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஆணின் பிடிப்பு உறுப்பு ஒவ்வொரு சிற்றினத்திலும் ஒரு வடிவம். இறக்கை பொய் சொன்னாலும் இது பெரும்பாலும் சொல்லாது. நம் வேலியோரத்து மூக்கிரட்டைக் கொடியைத் தின்னும் ஹிப்போஷன் கூட்டத்தில் போயர்ஹாவியே என்று ஒன்று, ரொசெட்டா என்று ஒன்று. முன்னதற்கு 1775-ல் ஃபாப்ரிசியஸ் பெயர் வைத்தார், பின்னதற்கு 1892-ல் ஸ்வின்ஹோ. விளக்குத் திரையில் வந்து உட்காரும்போது இரண்டும் அதே பழுப்பு, அதே கோடு. ஆண் பூச்சியைப் பிரித்துப் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்பவரைக் கண்டால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

இரண்டாவது பிடிவாதம், இடம் பற்றியது. மேற்கு ஆசியாவின் சில பகுதிகளில் அட்ரோபாஸும் ஸ்டிக்ஸும் ஒரே நிலத்தில் பறக்கின்றன. ஒன்றோடொன்று கலந்து நடுத்தரமான ஒரு வடிவமாகிவிடாமல், இது இதுவாகவும் அது அதுவாகவும் நீடிக்கின்றன. இரண்டும் தனித்தனிச் சிற்றினம் என்பதற்கு ஒரு கோட்டையும் புள்ளியையும்விட இது பலமான சாட்சி. மெடூசாவுக்கு இந்தச் சாட்சி கிடைக்கவில்லை. அது ஸ்டிக்ஸோடு ஒரே ஊரில், கலக்காமல் வாழ்ந்து காட்டவில்லை.

இந்தியாவில் இந்தக் கதையைத் தொடர்ந்தவர்களில் ஹாம்ப்சன் நீலகிரிக்குத் தோட்டத் தொழில் செய்ய வந்து பூச்சிப் பைத்தியம் பிடித்தவர். 1892-ல் பிரிட்டிஷ் இந்திய விலங்கு வரிசையின் முதல் அந்துப்பூச்சித் தொகுதியை எழுதினார். அவர் பிரித்தது பெரும்பாலும் இறக்கையை வைத்து. 1937-ல் வந்த ஐந்தாம் தொகுதி, பருந்து அந்துப்பூச்சிகளுக்கு மட்டுமே ஆனது, முற்றிலும் வேறு மாதிரியான புத்தகம். எழுதியவர்கள் டி. ஆர். டி. பெல், மேஜர் எஃப். பி. ஸ்காட். பெல் வனத்துறை அதிகாரி, கார்வாரில் வாழ்ந்தவர். அயர்லாந்தில் பிறந்து வடகன்னடத்துக் காட்டிலேயே தங்கிவிட்டவர். பூச்சியை ஊசியில் குத்தி வைப்பதற்கு முன்னால் அது எங்கே முட்டையிட்டது, புழு எந்தச் செடியைத் தின்றது, எந்தப் பருவத்தில் எந்த நிறம், கூட்டுப்புழு எப்படி என்று வீட்டில் வளர்த்துப் பார்த்து எழுதினார். அருங்காட்சியகத்துக்காரர்கள் பிணத்தைப் பார்த்துப் பெயர் சொன்னார்கள் என்றால் பெல் பிள்ளைப் பருவத்திலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னார். என்னைக் கேட்டால், இந்தியப் பூச்சியியலில் எழுதப்பட்ட மிக நல்ல புத்தகங்களில் இது ஒன்று. தாளின் தரத்தையும் வழவழப்பான படங்களையும் பார்த்து வாங்குபவர்களுக்கு இது பிடிக்காது.

புழுவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் வெளிச்சமாகிறது. தின்னும் செடியை வைத்து ஸ்டிக்ஸையும் லாகெசிஸையும் பிரிக்க முடியாது. எள், கத்தரி, அவரை, மல்லிகை என்று ஸ்டிக்ஸுக்குப் பெரிய சாப்பாட்டுப் பட்டியல் உண்டு. லாகெசிஸின் பட்டியலும் நீளம். இரண்டும் பல இடங்களில் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். எள்ளில் கிடைத்ததாலேயே அது ஸ்டிக்ஸ் என்று எழுதுவது வசதி. நிரூபணம் ஆகாது. புழுவை எடுத்து வந்து, ஒரு மண் தொட்டியில் விட்டு, பூச்சி வெளிவந்தபின் வயிற்றைப் பார்த்து எழுதினால்தான் அந்த வரி பூச்சிப் பட்டியலில் நிற்கும்.

தேன் திருட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஓர் அண்ணன் கோபித்துக்கொள்வார். அடுக்குத் தேனீப் பெட்டி வைத்திருப்பவர். இரவில் பெட்டிக்குள் நுழையும் இந்தப் பூச்சியைத் தேனீக்கள் ஏன் உடனே கொன்றுவிடுவதில்லை? 1991-ல் மோரிட்ஸ், கிர்ச்னர், குரூ மூவரும் அட்ரோபாஸை ஆராய்ந்து ஒரு விடை சொன்னார்கள். அதன் உடம்பின் மேல்பூச்சில் தேனீயின் உடம்பில் உள்ளவற்றை ஒத்த கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. இருட்டுக்குள் மோப்பத்தால் ஆளை அறியும் தேனீக்கு அது வீட்டு ஆளாகவே படுகிறது. கொட்டினாலும் தடித்த தோல் தாங்கிக்கொள்கிறது. பிடித்தால் கீச்சென்று கத்தும். குரல் எங்கிருந்து வருகிறது என்பதே ஒரு பழைய சண்டை. வாய்க்குள் காற்றை இழுத்து, ஒரு மடிப்பை அதிரவைத்து வெளியே விடுகிறது என்பதை 2015-ல் குன்னர் பிரேம் குழுவினர் விவரமாகக் காட்டினார்கள். அண்ணனுக்கு இந்த ஆராய்ச்சியில் ஆர்வமில்லை. பெட்டியின் வாசலைத் தேனீ மட்டும் நுழையும் அளவுக்குக் குறுக்கிவிட்டார், தீர்ந்தது.

இப்போதைய கட்டம் ஒரு காலில் நடக்கிறது. பூச்சியின் ஒரே ஒரு காலைப் பிடுங்கினால் போதும், அதிலிருந்து மரபணுவின் குறிப்பிட்ட ஒரு துண்டை எடுத்து எழுத்தெழுத்தாகப் படித்துவிடலாம். கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் 2003-ல் முன்வைத்த முறை. அதற்கு முன்பே, 2000-ல், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயன் கிச்சிங்கும் ஜான்-மரி கடியூவும் உலகின் பருந்து அந்துப்பூச்சிகளுக்கெல்லாம் திருத்திய பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். 2003-ல் கிச்சிங் மண்டையோட்டுப் பூச்சிகளுக்கும் அவற்றின் பங்காளிகளுக்கும் வம்சாவளி போட்டார். கால் துண்டு வந்த பிறகு பழைய தீர்ப்புகள் பல உறுதியாயின, சில புரண்டன. புரண்டதில் பெயர் பெற்றது மடகாஸ்கர் பூச்சி. ஓர் அடி நீளத்துக்குக் கொஞ்சம் குறைவான தேன்குழல் உள்ள ஆர்க்கிட் பூவைப் பார்த்துவிட்டு, அந்த அளவு நாக்குள்ள அந்துப்பூச்சி எங்கோ இருக்க வேண்டும் என்று 1862-ல் டார்வின் சொன்னார் அல்லவா, அந்தப் பூச்சி. ராத்ஸ்சைல்டும் ஜோர்டனும் 1903-ல் அதை ஆப்பிரிக்கப் பூச்சி ஒன்றின் துணைச் சிற்றினமாக வைத்தார்கள். 2021-ல் மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்து, ஸான்தோபான் பிரெடிக்டா என்று தனிச் சிற்றினமாக உயர்த்தினார்கள். 118 ஆண்டு கழித்து மேல்முறையீட்டில் வென்ற வழக்கு.

அதே காலத்தில் நம் ஸ்டிக்ஸின் தனித்துவத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை. வெஸ்ட்வுட் இறக்கையைத் திருப்பிப் பார்த்துச் சொன்னது சரி என்றுதான் ஆயிற்று.

விழுப்புரம் பக்கம் இதையெல்லாம் தொடர விரும்பும் மாணவருக்கு வேலை நிறைய இருக்கிறது. செலவு அதிகம் இல்லை. ஒரு வெள்ளை வேட்டி, ஒரு விளக்கு, அமாவாசையை ஒட்டிய இரவு. பூச்சி வந்து உட்கார்ந்ததும் முதுகை ஒரு படம் எடுத்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம். பிறகு மார்பை இரண்டு விரலால் பக்கவாட்டில் மெதுவாகப் பிடித்து (கத்தும், விட்டுவிடக் கூடாது) வயிற்றின் அடியையும் முன்னிறக்கையின் அடியையும் எடுக்க வேண்டும். புழுவாகக் கிடைத்தால் எந்தச் செடி என்பதைக் குறிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட இடத்தைச் சரியாக எழுத வேண்டும். ஜோர்டனின் அந்த இரண்டாவது பிடிவாதம் நம் மாவட்டத்தில் வேறு விதமாகக் கடிக்கிறது. பழைய பெட்டியில் இருக்கும் ஓர் உலர்ந்த பூச்சியின் சீட்டில் ‘தென்னாற்காடு’ என்று மட்டும் இருந்தால் அது கடலூர் கடற்கரையாகவும் இருக்கலாம், திண்டிவனத்து எள் கொல்லையாகவும் இருக்கலாம், கல்வராயன் மலையாகவும் இருக்கலாம். 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டமானது. அதற்குப் பின் எழுதிய சீட்டில் ‘விழுப்புரம்’ என்றிருந்தால் மரக்காணம் உப்பளமும் கல்வராயன் காடும் அதில் அடக்கம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி பிரிந்து மலை அந்தப் பக்கம் போனது. சமவெளியில் ஸ்டிக்ஸை எதிர்பார்க்கலாம், ஈரமான மலைச்சரிவில் லாகெசிஸுக்கு வாய்ப்புக் கூடும் என்றெல்லாம் ஒருவர் கணக்குப் போடும்போது, மாவட்டப் பெயரை மட்டும் நம்பினால் மலைப் பூச்சி கொல்லைக்கு வந்துவிடும். ஆகவே சீட்டில் கிராமத்தின் பெயர், கைபேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, விளக்கில் வந்ததா செடியில் கிடைத்ததா, பிடித்தவர் பெயர். இவ்வளவும் பொடி எழுத்தில், அழியாத மையில், ஊசியில் பூச்சிக்கு அடியிலேயே குத்தி வைக்க வேண்டும்.